காலையில் மட்டும் கேட்ட கடகடப்பு: டைமிங் செயின் சத்தம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டியில் இருந்தது 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை. தலைமேல் வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம் ஷாஃப்ட்டுகள். காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் மட்டும் வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் முன்பின் நகர்த்தும் வி.வி.டி. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்கையும் கேம்களையும் இணைப்பது ஒரே டைமிங் செயின். மீட்டர் 1,18,000 கிலோமீட்டர் காட்டியது. உரிமையாளர் வண்டியை இரண்டாம் கையாக வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது.

சர்வீஸ் பதிவுகளைப் புரட்டினோம். முந்தைய உரிமையாளர் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் ஆயில் மாற்றியிருக்கிறார். இப்போதைய உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை. அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது: இத்தனை மாதத்தில் வண்டி ஓடியதே 8,000 கிலோமீட்டர்தான். ஆனால் அதில் பெரும்பகுதி காலையில் 6 கிலோமீட்டர், மாலையில் 6 கிலோமீட்டர். என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேர்ந்துகொண்டே இருக்கும். அவை ஆவியாகிப் போக ஆயிலுக்கு நேரம் கிடைப்பதில்லை. குறைவாக ஓடும் வண்டிக்கு ஆயில் சீக்கிரம் கெடாது என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த மாதிரி ஓட்டத்தில் நடப்பது நேர் எதிர்.

புகார் தெளிவாகவே இருந்தது. "காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். சில நொடியில் நின்றுவிடும். அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமில்லை."

கேட்பதற்கு ஒரே ஒரு வாய்ப்பு

வண்டி எங்களிடம் சூடாக வந்தது. பத்து முறை ஸ்டார்ட் செய்தும் எதுவும் கேட்கவில்லை. இந்தப் புகாரில் பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. என்ஜின் ராத்திரி முழுக்க நின்று ஆறிய பிறகுதான் சத்தம் வரும், அதுவும் சில நொடிகளுக்கு. ஆக, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும். யாராவது அவசரப்பட்டு சாவியைத் திருப்பிவிட்டால் அன்றைய நாள் போயிற்று. அதனால் வண்டியை விட்டுப் போகச் சொல்லி, ஸ்டியரிங்கில் "ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று எழுதி ஒட்டினோம்.

சத்தத்துக்கான காரணத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயின் தளராமல் பார்த்துக்கொள்வது டென்ஷனர். அதற்குள் ஒரு பிளஞ்சர். பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் ஆயில் அழுத்தமும் சேர்ந்து அதைத் தள்ளும். அந்தப் பிளஞ்சர் பிளாஸ்டிக் முகம் கொண்ட ஒரு கைடை அழுத்த, கைடு செயினை அழுத்தும். என்ஜினை நிறுத்தியதும் ஆயில் பம்ப் நின்றுவிடும். டென்ஷனருக்குள் இருக்கும் சின்ன செக் வால்வு அங்குள்ள ஆயிலைப் பிடித்துவைக்க வேண்டும். அது தேய்ந்திருந்தால் ராத்திரியில் ஆயில் வடிந்து, காலையில் ஸ்பிரிங் மட்டும் தனியாக மிஞ்சும். பிளஞ்சர் பின்னால் போகாமல் தடுக்க ராட்செட் பல் உண்டு என்றாலும் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஆயில் அழுத்தம் வந்து சேரும்வரை செயின் அந்த ஆட்டத்துக்குள் துள்ளி, கைடிலும் கவரிலும் அடிக்கும். கடகடப்பு அதுதான்.

ஆனால் காலையில் கேட்கும் எல்லாச் சத்தமும் செயின் ஆகிவிடாது. அதனால் மூன்று காலைகளுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்தோம்.

மூன்று காலைகள்

முதல் காலை: பதிவு மட்டும். மூன்று போன்களை ரெக்கார்டிங்கில் வைத்தோம். ஒன்று என்ஜின் முன்பக்கம் கீழே, டைமிங் கவரை ஒட்டி. ஒன்று ஹெட் கவர் மேலே, கேம் முனைக்கு அருகில். ஒன்று பின்னால், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில். சத்தம் 4 நொடி நீடித்தது. முன்பக்கக் கீழ்ப் பதிவில்தான் மிகப் பலமாக இருந்தது, மேலே ஓரளவு, பின்னால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஃப்ளைவீல் மீதான சந்தேகம் அன்றே தீர்ந்தது.

எங்கள் பழைய மெக்கானிக் ஒருவர் வால்வை இயக்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் என்றார். லிஃப்டர் சத்தம் "டிக் டிக்" என்று சீராக, கேமின் வேகத்தில் கேட்கும்; இது சீரே இல்லாத உதறல். பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிக்கும் பிஸ்டன் ஸ்லாப்பாக இருந்தால் என்ஜின் சூடாகும்வரை சில நிமிடங்களாவது இழுத்திருக்கும். 4 நொடியில் கத்தி வெட்டினாற்போல நிற்காது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கசிவும் அப்படியே, உலோகம் சூடேறி விரியும்வரை தொடரும். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எப்படி நிற்கிறது என்பதே எங்களுக்கு அதிகம் சொன்னது. ஆயில் அழுத்தம் வந்ததும் நிற்கிற சத்தம் என்றால் ஆயிலை நம்பி வாழும் உறுப்பில்தான் தேட வேண்டும்.

இரண்டாம் காலை: வெளிப்புற டிரைவ் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, 15 நொடியில் நிறுத்தினோம். சத்தம் அப்படியே இருந்தது. ஆல்டர்னேட்டர் புல்லி, பெல்ட் டென்ஷனர் இரண்டும் விலகின. பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப் ஓடாத வண்டிகளில் இதற்குமேல் ஓட விடக்கூடாது.

மூன்றாம் காலை: என்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிவைத்து ஸ்டார்ட் செய்தோம். கோளாறுக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. சத்தம் 4 நொடிதான்.

இதற்கிடையில் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்த்திருந்தோம். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே, துடைத்துப் பார்த்தால்தான் நுனியில் தெரிகிற அளவு. வடித்து அளந்தபோது 1.2 லிட்டர் குறைவு. நிறம் தார் மாதிரி. மூக்கருகே கொண்டுபோனாலே பெட்ரோல் வாடை.

முதல் முடிவும் அதில் இருந்த தவறும்

ஆயில் இந்த நிலையில் இருக்கும்போது என்ஜினைப் பிரிப்பது நியாயமில்லை என்று முடிவு செய்தோம். அந்த முடிவை இன்றும் தவறு என்று சொல்ல மாட்டேன். என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஃபில்டரில் ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உண்டு. அது விறைத்துப்போனால் ராத்திரியில் ஃபில்டரே காலியாகிவிடும், காலையில் பம்ப் முதலில் அதை நிரப்பிவிட்டுத்தான் டென்ஷனர் பக்கம் போகும். எளிதானதை முதலில் சரிசெய்வது நல்ல வழக்கம். மேனுவல் சொல்லும் 5டபிள்யூ-30 ஆயில், தயாரிப்பாளரின் ஃபில்டர், அளவு சரியாக.

மறுநாள் காலை சத்தம் ஒரு நொடிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. உரிமையாளருக்கு மகிழ்ச்சி, எங்களுக்கும்தான். "ஆயில்தான் காரணம், இனி 7,500 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

தவறு இங்கே. 4 நொடி ஒரு நொடியானது என்றால் காரணத்தில் ஒரு பங்கைத்தான் விலக்கியிருக்கிறோம். மிச்சம் இருக்கிற ஒரு நொடி எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று. கழற்றிய பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்காமல் குப்பையில் போட்டோம். வெட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஏழு வாரம் கழித்து

900 கிலோமீட்டர் ஓடி வண்டி திரும்பி வந்தது. காலைச் சத்தம் மறுபடி 2, 3 நொடிக்கு நீண்டிருந்தது. கூடவே என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0016: கிராங்க் நிலையும் கேம் நிலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்ற குறியீடு. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும் ஐடிலில் லேசான நடுக்கமும் இருந்தது.

இந்தக் குறியீடு வந்தால் செயின்தான் என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். சென்சார் கோளாறு, வி.வி.டி.யின் ஆயில் கண்ட்ரோல் வால்வு சிக்குவது, கேமை முன்பின் திருப்பும் ஃபேஸரின் பூட்டு முள் தேய்வது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் காலைச் சத்தமும் இந்தக் குறியீடும் ஒரே வண்டியில் சேர்ந்து வரும்போது செயினுக்கு எதிரான சாட்சி பலமாகிவிடுகிறது. இந்த முறை எதையும் மாற்றுவதற்கு முன் அளப்பது என்று உட்கார்ந்தோம்.

அதற்கு முன் உரிமையாளரிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொன்னோம். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யக்கூடாது. சரிவில் நிறுத்தும்போது கியரை மட்டும் நம்பி நிறுத்தக்கூடாது. சரிவின் இழுப்பில் என்ஜின் கொஞ்சம் பின்னோக்கித் திரும்பினால் தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கத்திலிருந்து, கிராங்க் செயினை இழுக்கும் இழுபக்கத்துக்கு மாறும். அடுத்த ஸ்டார்ட்டில் செயின் பல் தாண்டிவிடக்கூடும். இது வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை என்ஜின். பல் தாண்டினால் செலவு செயினோடு நிற்காது. அவர் வீட்டு வாசல் சரிவுதான், கியரில் போட்டுத்தான் நிறுத்துவாராம். வண்டியை அன்றே எங்களிடம் விட்டுவிட்டார்.

அளவுகள்

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். நான்கு சிலிண்டரும் 11.5 முதல் 12 பார் வரை. வால்வு எதுவும் வளையவில்லை, செயின் இன்னும் பல் தாண்டவில்லை என்ற ஆறுதல் கிடைத்தது.

அடுத்து ஸ்கேனரில் இன்டேக் கேமின் விலகல், அதாவது இருக்க வேண்டிய நிலையிலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. மேனுவலின் எல்லை கிராங்க் கணக்கில் 6 டிகிரி. இங்கே 7.5 டிகிரி பிந்தியிருந்தது. இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இளைய மெக்கானிக் கேட்டார். தாளில் போட்டுக் காட்டினேன். கேமின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 36 பல், கண்ணிக்குக் கண்ணி 8 மில்லிமீட்டர். சுற்றளவு 288 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் தளர்ந்தால் கேம் 1.25 டிகிரி பிந்தும்; கேமின் ஒரு சுற்றுக்குக் கிராங்க் இரண்டு சுற்று என்பதால் கிராங்க் கணக்கில் 2.5 டிகிரி. அப்படியானால் 7.5 டிகிரி என்பது இழுபக்கத்தில் 3 மில்லிமீட்டர் தளர்வு.

"செயின் ரப்பரா நீள்வதற்கு?" என்று அவர் கேட்டது சரியான கேள்வி. செயின் நீள்வது என்று வழக்கில் சொன்னாலும் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் தகடுகளைக் கோத்திருக்கும் பின் என்ற சின்னக் கம்பியும் அதைச் சுற்றிய புஷ் என்ற குழலும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் தேய்வு ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான், அளவுகோலில் அகப்படாது. 150 கண்ணியும் சேரும்போது மில்லிமீட்டர்களாகிவிடும். நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜின்களில் ஆயிலில் கரித்துகள் அதிகம் சேரும். ஆயிலை மாற்றாமல் விட்டால் அந்தக் கரி பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உப்புத்தாள் வேலை செய்யும்.

மூன்றாவது, டென்ஷனர். இந்த என்ஜினில் டைமிங் கவரில் ஒரு சின்ன மூடி உண்டு. அதைக் கழற்றி எண்டோஸ்கோப் என்ற சின்னக் கேமராவை விட்டால் பிளஞ்சரின் பற்களை எண்ணலாம். மேனுவலின்படி 6 பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினை மாற்ற வேண்டும். இங்கே 8. இதை முதல் தடவையே பார்த்திருக்கலாம். இருபது நிமிட வேலை.

நான்காவது, ஆயில் அழுத்தம். எங்களை ஏமாற்றப் பார்த்தது இதுதான். பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் கேஜ் மாட்டினோம். சூடான ஐடிலில் 1.4 பார், மேனுவல் எல்லைக்குள். பம்ப் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்போம். அடுத்த நாள் காலை, ஆறிய நிலையில் கேஜை வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தபோது ஸ்டார்ட் ஆன பிறகு முள் அசையவே 1.8 நொடி ஆனது. ஆயில் புதிது, அளவு சரி, ஃபில்டர் சரி. பிறகு ஏன் இத்தனை தாமதம்? சூடான, மெல்லிய ஆயில் பாதி அடைத்த வழியிலும் போய்விடும். ஆறிய, கெட்டியான ஆயில் போகாது. சம்புக்குள் உறிஞ்சும் வலையில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

கடைசியாக, ஏழு வாரத்துக்கு முன் நாங்களே போட்ட ஃபில்டரைக் கழற்றி வெட்டினோம். தாளின் மடிப்புகளுக்குள் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் செதில்கள். நகத்தால் அழுத்தினால் வளையாமல் நொறுங்கின. கைடு உடைந்துகொண்டிருந்தது.

டென்ஷனர் மட்டுமா, முழு செட்டா?

"அண்ணே, டென்ஷனரை மட்டும் மாத்திட்டு விட்டுடலாமே? கவரைக்கூட முழுசா கழட்ட வேண்டாம்" என்றார் இளைய மெக்கானிக். இந்த என்ஜினில் அது முடியும்தான். புது டென்ஷனர் போட்டால் காலைச் சத்தம் அநேகமாக நின்றிருக்கும், சில மாதங்களுக்கு.

ஆனால் டென்ஷனர் தளர்வை இறுக்கிப் பிடிக்குமே தவிர, இழுபக்கத்தின் நீளத்தைக் குறைக்காது. 7.5 டிகிரி 7.5 ஆகவே இருக்கும், விளக்கு மறுபடி எரியும். உடைந்த கைடும் உள்ளேயே கிடக்கும். சத்தத்தை மட்டும் நிறுத்தினால் வண்டி கொடுத்துக்கொண்டிருந்த ஒரே எச்சரிக்கையும் போய்விடும். ஃபில்டரில் பிளாஸ்டிக்கைப் பார்த்த பிறகு இதில் வாதிட எதுவுமில்லை: செயின், டென்ஷனர், மூன்று கைடுகள், கிராங்க் ஸ்ப்ராக்கெட், முன் ஆயில் சீல், கிராங்க் போல்ட், சம்பைக் கழற்றிக் கழுவுதல்.

தடுமாறியது கேம் ஸ்ப்ராக்கெட்டுகளில். இன்டேக் ஸ்ப்ராக்கெட் வி.வி.டி. ஃபேஸரோடு ஒரே உடம்பாக இருப்பதால் விலை அதிகம். புதுச் செயினைப் பழைய பல்லில் மாட்டக்கூடாது என்பது பொதுவான விதி, அதை மதிக்கிறேன். இங்கே விலகியதற்குக் காரணம் சொல்கிறேன். ஃபேஸரைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தோம்; பூட்டு முள் இறுக்கமாகப் பிடித்திருந்தது, ஆட்டமே இல்லை. பற்களுக்கு நடுவில் ரோலர் வைத்துக் காலிப்பரில் அளந்ததில் தேய்வு எல்லைக்குள் இருந்தது. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 18 பல், கேமில் 36. கிராங்க் பல் ஒவ்வொன்றும் இரண்டு தடவை செயினைச் சந்திக்கும்போது கேம் பல் ஒரு தடவைதான் சந்திக்கும். அளவையும் காரணத்தையும் எழுதி உரிமையாளரிடம் காட்டி, அவர் சம்மதத்தோடு கேம் பக்கத்தைப் பழையதாகவே விட்டோம்.

பிரித்தபோது

முன்கவர் வந்ததும் கேள்விகள் பெரும்பாலும் தீர்ந்தன. இழுபக்கத்து நிலையான கைடின் மேல் மூன்றில் ஒரு பங்கு காணோம். மிச்சமிருந்த பகுதியில் செயின் இரண்டு தடம் பள்ளமாகத் தோண்டியிருந்தது. கவரின் உட்புறத்தில் செயின் உரசிய பளபளப்பான கீறல். டென்ஷனரில் ராட்செட் பற்களின் முனை மழுங்கியிருந்தது. ஆயில் நிரப்பிக் கையால் அழுத்தினால் பிளஞ்சர் சட்டென்று உள்ளே போனது. புதியதை இரண்டு கையாலும் அழுத்தியும் அசைக்க முடியவில்லை.

பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டோம். 1,200 மில்லிமீட்டரில் 6 மில்லிமீட்டர் அதிகம். இழுபக்கத்தில் வரும் 55 கண்ணிகளின் பங்கு 2.2 மில்லிமீட்டர், அதாவது 5.5 டிகிரி. மிச்சம் 2 டிகிரி கைடு உடைந்ததால் செயின் செல்லும் பாதை குறுகியதில் வந்தது. ஸ்கேனர் சொன்ன 7.5 கணக்கில் இடித்துக்கொள்ளாமல் பொருந்தியது அன்றைக்கு எனக்கு ஒரு தனித் திருப்தி.

சம்பைக் கழற்றினால் உறிஞ்சு வலையில் பாதிக்குப் பிளாஸ்டிக் துண்டுகளும் கரிப் பிசுக்கும் அப்பியிருந்தன. நடந்தது இப்போது வரிசையாகத் தெரிந்தது. கெட்ட ஆயிலால் செயின் தேய்ந்தது. தேய்ந்த செயின் துள்ளிக் கைடை உடைத்தது. உடைந்த துண்டுகள் வலையை அடைத்தன. அடைத்த வலையால் காலையில் ஆயில் தாமதமானது. தாமதத்தால் செயின் இன்னும் அதிகம் துள்ளியது. நாங்கள் ஆயிலை மட்டும் மாற்றியபோது இந்தச் சுழலின் ஒரு முனையைத் தொட்டோம், அதனால்தான் சத்தம் குறைந்தது. சுழல் நிற்கவில்லை, அதனால்தான் திரும்பி வந்தது.

துண்டுகளைத் துடைத்து மேஜையில் உடைந்த கைடோடு சேர்த்து அடுக்கினோம். பத்துத் துண்டு பொருந்தின. நக அளவு ஒரு ஓட்டை மிஞ்சியது. அந்த ஒரு துண்டுக்காக அரை நாள் போயிற்று. புதுச் செயின் ஓடும்போது ஸ்ப்ராக்கெட்டுக்கு நடுவில் அது போய் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் அரை நாள் பெரிதில்லை. கடைசியில் ஆயில் பம்ப்பை ஓட்டும் சின்னச் செயினுக்குப் பின்னால், பிளாக்கின் ஒரு மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பூட்டியது

இந்த என்ஜினில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு, இடம் மாறாமல் பூட்டிவைக்கும் சாவிப் பள்ளம் கிடையாது. போல்ட்டின் இறுக்கம்தான் அதைப் பிடித்திருக்கிறது. போல்ட்டைத் தளர்த்திய கணமே டைமிங் போய்விடும். கிராங்க், கேம் மூன்றையும் லாக்கிங் டூலில் பூட்டாமல் அதைத் தொடவே கூடாது. போல்ட் ஒருமுறைதான் பயன்படும், முதலில் டார்க், பிறகு டிகிரிக் கணக்கில் திருப்பி இறுக்குவது. பழைய போல்ட்டைத் திரும்பப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

செயினின் நிறக் கண்ணிகளை ஸ்ப்ராக்கெட் குறிகளோடு சேர்த்து மாட்டி, டென்ஷனரின் பூட்டுப் பின்னை உருவி, லாக்கிங் டூல்களை எடுத்து, கிராங்கை ஓட்டத் திசையில் கையால் இரண்டு சுற்று சுற்றினோம். டூல்கள் மறுபடி சிக்கலில்லாமல் உட்கார்ந்தன. இளைய மெக்கானிக் மட்டும் முகம் வெளுத்து நின்றார்: நிறக் கண்ணிகள் குறியில் இல்லை. இருக்காது. இரண்டு சுற்றில் நகர்வது 36 கண்ணி. செயினில் இருப்பது 150. நிறம் மறுபடி குறிக்கு வர 50 சுற்று வேண்டும். நிறக் கண்ணி மாட்டுவதற்கு மட்டும். சரிபார்ப்பது லாக்கிங் டூலை வைத்துத்தான். இதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. பயத்தில் அவர் ஒரு பல் நகர்த்தியிருந்தால் என்ன சொல்ல முடியும்?

கவருக்கு சீலண்ட் பூசும்போது பழைய சீலண்டை முழுக்கச் சுரண்டி, சம்புக்குள் ஒரு துணுக்குகூட விழாமல் துணி வைத்து அடைத்துக்கொண்டோம். வலையை அடைத்ததே துணுக்குதானே. சீலண்ட் இறுக ராத்திரி முழுக்க விட்டோம்.

அதன் பிறகு நடந்தது

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃப்யூயல் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு, கேஜில் 2 பார் வரும்வரை ஸ்டார்ட்டரில் மட்டும் விட்டு விட்டுச் சுற்றினோம். அப்படியும் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நொடி கடகடத்தது. பக்கத்தில் நின்ற உரிமையாளர் என் முகத்தைப் பார்த்தார். புது டென்ஷனருக்குள் காற்று இருக்கும், முதல் தடவை இது இயல்பு, நாளைக் காலை வந்து கேளுங்கள் என்றேன்.

மறுநாள் காலை அதே மூன்று போன்கள், அதே இடங்கள். ஒன்றுமில்லை. அழுத்தம் ஏற எடுத்த நேரம் 1.8 நொடியிலிருந்து 1.1 நொடியாகியிருந்தது. கேம் விலகல் 0.5 டிகிரி. பி0016-ஐ அழித்து, என்ஜின் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த பழைய கேம் அளவுகளையும் மீட்டமைத்தோம். ஐடில் நடுக்கமும் நின்றது. இரண்டு ராத்திரி நிறுத்தி ஒரு நீண்ட ஆறலுக்குப் பிறகும் கேட்டோம், அமைதி.

800 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம், உள்ளே எஞ்சியிருக்கக்கூடிய கரியை வெளியே கொண்டுவர. ஃபில்டரை வெட்டினோம்: பிளாஸ்டிக் இல்லை, கரி மட்டும். 6 மாதம், 3,300 கிலோமீட்டர் கழித்துப் பார்த்தபோது விலகல் 0.8 டிகிரி, ஆயில் அளவு கோட்டில், காலையில் சத்தமில்லை.

இனி மாற்றிக்கொள்வது

காலைச் சத்தத்தோடு வரும் வண்டியில் எந்த வேலைக்கு முன்னும் பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்கிறோம். டென்ஷனர் பற்களை எண்ண வழியுள்ள என்ஜின் என்றால் முதல் நாளே எண்ணுகிறோம். ஸ்கேனரில் குறியீடு இல்லை என்பதோடு நிற்காமல் கேம் விலகலின் எண்ணையும் படிக்கிறோம். மூன்றாம் காலை ஸ்கேனர் எங்கள் கையில்தான் இருந்தது. குறியீடு மட்டும் பார்த்துவிட்டு எண்ணைப் பார்க்கத் தவறினோம். அன்று அது எல்லையை நெருங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆயில் அழுத்தத்தை ஆறிய நிலையிலும், ஏறும் நேரத்தோடு சேர்த்தும் பதிவு செய்கிறோம். சத்தம் குறைந்து மறையாமல் இருந்தால், பணி முடிந்தது என்று எழுதாமல் இரண்டு வாரத்தில் ஒரு ராத்திரி வண்டியை விடச் சொல்லிக் கேட்கிறோம்.

கேம் ஸ்ப்ராக்கெட்டுகளைப் பழையதாகவே விட்ட முடிவு இன்னும் முழுதாகத் தேறவில்லை. 3,300 கிலோமீட்டர் அதற்குப் போதாது. 1,35,000 கிலோமீட்டரில் விலகலையும் டென்ஷனர் பற்களையும் மறுபடி அளப்பதாக வண்டியின் பதிவில் எழுதியிருக்கிறோம். அன்று 2 டிகிரிக்கு மேல் போயிருந்தால் ஃபேஸரையும் மாற்றுவதாக உரிமையாளரோடு பேசிவைத்திருக்கிறோம்.